பெருவிரல் நகமும் சாளைக்கறியும்

ததேயுசுக்கு வலதுகால் பெருவிரல் என்பது மூன்றாவது கை. இராஜாக்கமங்கலம் துறையில் கிழிந்த வலை பின்னுகிற எல்லாருக்கும் அப்படித்தான். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, வலையின் கண்ணைப் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் இடது கை வலையை விரிக்கும், வலது கை ஊசியை ஓட்டும். விரல் போனால் தொழில் போச்சு. நாள் முழுக்க உப்புத் தண்ணீரும் ஈர மணலும் நைலான் நூலின் உராய்வும் அந்த ஒரு விரலுக்குத்தான். அதன் நகம் மஞ்சளாகித் தடித்து, ஒரு ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கியபோது அவர் அதைப் பெரிய காரியமாக எடுக்கவில்லை. கடப்புறத்தில் யாருக்குத்தான் கால்நகம் ஒழுங்காக இருக்கிறது?

பெரிய காரியமாக எடுத்தவன் கிளீட்டஸ். ததேயுசின் மனைவி ஞானசெல்விக்கு உடன்பிறந்த தம்பி. ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். மருந்துக்கடை வைத்திருப்பவனை ஊர் பாதி டாக்டர் என்று சொல்லும். மீதிப் பாதியை இவன் தானே போட்டுக்கொண்டான். ததேயுசின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, “மச்சான், இது நகத்துல வாற பூஞ்சை. இதுக்குன்னு ஒரு மாத்திரை இருக்கு. தெனம் ஒண்ணு போடும். நகம் புதுசா மொளைச்சு வரும், பாரும்” என்றான்.

மச்சினன் என்றாலும் கிளீட்டஸ் அவருக்குத் தம்பி மாதிரி. குடித்துவிட்டு மணலில் விழுந்து கிடந்த காலத்தில் தோளில் தூக்கி வந்து வீட்டில் போட்டவன் அவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் கோட்டாறு சவேரியார் கோயிலில் முழங்கால் போட்டு, இனி தொடமாட்டேன் என்று ததேயுஸ் நேர்ந்துகொண்டபோது பக்கத்தில் நின்று அழுதவனும் அவன்தான். அதற்குப் பிறகு ததேயுஸ் கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. குடியை விட்டவர் என்ற பேரை அவர் புதுச் சட்டை மாதிரி அழுக்குப் படாமல் போட்டுக்கொண்டு நடந்தார். அப்படித் தூக்கிச் சுமந்த கிளீட்டஸ் சொன்ன மாத்திரையை எப்படி வேண்டாம் என்பார்? தின்றார்.

நகம் முளைக்கவில்லை. கறுப்புதான் முளைத்தது. பாதி நகம் தார் பூசியது போல ஆயிற்று. இன்னும் கொஞ்ச நாள் போடும் என்றான் கிளீட்டஸ். இன்னும் கொஞ்ச நாள் போட்டதில் நாக்குச் செத்துப்போனது. ஞானசெல்வி வைக்கிற சாளைமீன் கறிக்காக ஒரு சட்டிச் சோறு தின்கிற மனிதர். இப்போது அதை வாயில் போட்டால் நனைந்த அட்டையைச் சவைக்கிற மாதிரி இருந்தது. புளியும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. குவைத்தில் நர்ஸாக இருக்கிற மகள் பெபிஷா போனில் நகத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பதறினாள். “மாமாக்க கடை மருந்தத் தின்னது போதும். நாரோயில்ல போயி ஸ்கின் டாக்டரப் பாருங்கப்பா” என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் ஜிஷாவுக்கு மகள் வயதுதான் இருக்கும். காலைத் தொட அருவருப்புப் படவில்லை. நகத்தின் அடியில் சுரண்டி எடுத்த தூளை ஏதோ மருந்தில் ஊறவைத்து நுண்நோக்கியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, பூஞ்சை மாதிரி ரெண்டொரு துண்டு தெரியுது. ஆனா சாதாரணமா வர்ற பூஞ்சையா இருந்தா நீங்க தின்ன மாத்திரைக்கே இதுக்குள்ள அடங்கியிருக்கணும். இது அபூர்வமா வர்ற வேற ஒண்ணா இருக்கலாம். மண்ணுலயும் பட்டுப்போன மரத்துலயும் இருக்கிற கறுப்பு நெறத்துப் பூஞ்சை ஒண்ணு இருக்கு.”

கறுப்பு என்று கேட்டதும் ஞானசெல்வியின் முகத்தில் ஈயாடவில்லை. அவளுடைய அக்காள் கொரோனாக் காலத்தில் செத்தவள். கொரோனா விட்ட பிறகு கண்ணில் கறுப்புப் பூஞ்சை என்று வந்து, ஒரு கண்ணை எடுத்து, அப்படியும் பிழைக்காமல் பொட்டலமாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். அதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் அவள் கையைப் பிடித்து, “அம்மா, அது வேற, இது வேற. இது நகத்தோட கெடக்கும், கண்ணுக்கும் மூளைக்கும் போகாது” என்று இரண்டு தரம் சொன்னார். ஞானசெல்வி தலையை ஆட்டினாள். ஆட்டின தலைக்குள் எதுவும் இறங்கவில்லை என்பது அப்போது யாருக்குத் தெரியும்!

“அப்ப அதுக்கு உள்ள மருந்தத் தாங்க டாக்டரே” என்றார் ததேயுஸ்.

“எனக்குத் தோணுறத வச்சு மருந்து தரக்கூடாது. நகத்த வெட்டி, அதுல உள்ள பூஞ்சைய லேப்ல வளக்கணும். என்ன வளருதுன்னு பாக்கணும். ஒரு தடவ வளந்தாப் போதாது. கடற்கரை மண்ணுல இருந்து ஒட்டிக்கிட்டு வந்ததுன்னு ஆயிரும். வேற வேற நாளு வெட்டி, ஒவ்வொரு தடவையும் அதே ஆளு வந்தாத்தான் அவன் கள்ளன். அதுக்கு முன்னால இந்த மாத்திரைய நிறுத்தணும். ஒரு மாசத்துக்குமேல ஒண்ணும் தொடக்கூடாது. மருந்து உள்ள இருந்தா பூஞ்சை செத்தமாதிரி நடிக்கும், வளராது.”

“வளரவே இல்லேன்னா?”

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். “வளரவே இல்லேன்னா இந்தக் கறுப்பு பூஞ்சை இல்லேன்னு ஆகும். நகத்துக்கு அடியில கெட்ட கட்டி ஒண்ணும் இப்படிக் கறுப்பா வரும். அப்ப பெரிய ஆஸ்பத்திரியில சதையில துண்டு எடுத்துப் பாக்கணும். அதுவா இருந்தா விரல எடுக்கவேண்டி வரலாம். இப்பவே பயப்படாதீங்க.”

பயப்படாமல் இருக்க முடியுமா? பஸ்ஸில் வரும்போது ததேயுஸ் செருப்பைக் கழற்றி அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த மாத்திரை அட்டையை எடுத்து ஞானசெல்வியிடம் கொடுத்து, “இத உனக்க தம்பிட்டத் திருப்பிக் குடு” என்றார். அவளும் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஞானசெல்வியின் கவனிப்பு கூடிப்போனது. அவருக்கென்று ஒரு சின்னச் சட்டியில் தனியாகக் கறி வைத்தாள். மாத்திரை தின்று புண்ணான வயிறு, மிளகாய் எரிவு குறைவாக இருக்கட்டும் என்றாள். நம்ம பெண்டாட்டிக்கு நம்மேல் இவ்வளவு பிரியமா என்று அவருக்குக் கண் நிறைந்தது. நாக்குத்தான் திரும்பவில்லை. “நாக்குப் பையச் சரியாகும், நீங்க தின்னுங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்து சட்டி காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

சொன்ன காலம் கழிந்து முதல்தடவை நகம் வெட்டினார்கள். வளர்க்கப் போட்ட இடத்தில் வாரக்கணக்காக வைத்துப் பார்த்தும் ஒன்றும் வளரவில்லை. இரண்டாவது தடவையும் வெட்டினார்கள். அதிலும் ஒன்றுமில்லை. கறுப்பு மட்டும் நகத்தின் அடிவரை வந்துவிட்டது. இதற்கிடையில், நோய் இன்னது என்று தெரிந்தவுடன் மருந்து தொடங்க வசதியாக இருக்கட்டும் என்று டாக்டர் ரத்தமும் சோதித்திருந்தார். அந்த முடிவைப் பார்த்தவர் நிமிர்ந்து ததேயுசின் முகத்தையே பார்த்தார்.

“ஐயா, ஈரல் கெட்டுக் கெடக்கு. குடிப்பீங்களா?”

“குடிச்சேன். விட்டு மூணு வருஷமாச்சு.”

“மாத்திரைய நிறுத்தியாச்சுல்லா?”

அவர் வாயைத் திறக்குமுன்னே ஞானசெல்வி சொன்னாள். “அது அப்பவே நிறுத்தியாச்சு டாக்டரே.”

“மாத்திரையும் இல்ல, குடியும் இல்லேன்னா ஈரல் இப்படி ஏறாது. எங்கிட்ட ஒளிக்காதீங்க. ஒளிச்சா ஒங்களுக்குத்தான் கேடு.”

ததேயுஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இவள் சொல்லட்டும் என்று பார்த்தார். குடியை விட்ட இந்த மூன்று வருடமும் ஒரே பாயில் படுத்தவள். வாய் நாற்றம் அவளுக்குத் தெரியாதா? ‘எனக்க மாப்பிள அப்படிப்பட்டவரு இல்ல டாக்டரே’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஞானசெல்வி மடியில் கிடந்த பையின் வாரைத் திருகிக்கொண்டே, “அவரு கடப்புறத்துல இருக்கியாரு, நான் வீட்டுல இருக்கேன். நான் என்னத்தக் கண்டேன்?” என்றாள்.

டாக்டர் ரத்தச் சோதனைத் தாளை மடித்து வைத்தார். இனி ஒரு தரம் வெட்டிப் பார்ப்போம், அதிலும் இல்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்று மட்டும் சொன்னார். ததேயுசுக்கு விரல் போகும் பயத்தைவிட அந்தப் பேச்சுத்தான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வழியில் கேட்டார். “ஏட்டி, நான் குடிக்கியேன்னு நீ நெனைக்கியா?” அவள், “நான் அப்படிச் சொன்னேனா?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரம் அன்பியக் கூட்டம் எபிசன் வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, ஜெபம் சொல்லி, கடைசியில் காப்பி குடித்துப் பிரிகிற கூட்டம். எபிசன்தான் அதற்குத் தலைவர். வாசகம் முடிந்து, யாருக்காவது விசேஷமாக மன்றாட வேண்டுமா என்று கேட்டார். ஒருத்தி பிரசவத்துக்கு இருக்கிற மருமகளைச் சொன்னாள். ஒருவர் கடலில் தொலைந்த எஞ்சினைச் சொன்னார். அப்போது கிளீட்டஸ் எழுந்தான்.

“எனக்க மச்சானுக்காக எல்லாரும் ஜெபிக்கணும். பழைய சீக்கு திரும்பப் புடிச்சிருக்கு. ஈரலு கெட்டுக் கெடக்குன்னு டாக்டரு சொல்லியாச்சு. ஆண்டவர் அவர அந்தக் குடியில இருந்து மீட்கணும்.”

ததேயுசுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. “ஏலே, யாருலே குடிச்சது?” என்று எழுந்துவிட்டார். எழுந்ததுதான் தப்பாகப் போயிற்று. எந்தக் குடிகாரன் ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று அத்தனை முகத்திலும் எழுதியிருந்தது. எபிசன் அவர் தோளைத் தடவி, “இரிங்கண்ணே, ஜெபந்தானே, நல்லதுதானே” என்று உட்கார்த்தினார். பிறகு எல்லாரும் சேர்ந்து, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். அத்தனை குரலுக்கு நடுவில் தன் பக்கத்திலிருந்து வந்த குரலை ததேயுஸ் தனியாகக் கேட்டார். ஞானசெல்வியும் சொன்னாள்.

மறுநாள் பெபிஷா குவைத்திலிருந்து அழைத்தாள். எடுத்ததுமே அழுகை. “அப்பா, நீங்க எனக்குச் சத்தியம் பண்ணினீங்கல்லா?” யார் சொன்னது என்று கேட்டார். மாமா என்றாள். “நான் குடிக்கல்ல மக்கா” என்றார். “செரிப்பா” என்றாள். அந்த ‘செரி’யில் நம்பிக்கை இல்லை என்பது கடல் தாண்டியும் கேட்டது. அன்றைக்கு வலை விரித்தவர், விரலில் மாட்டின கண்ணோடு ஊசியைக் கையில் பிடித்தபடி பின்னாமல் உட்கார்ந்திருந்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைப்பதைப்போல் அவமானம் வேறொன்றும் கிடையாது.

மூன்றாவது தடவை போனபோது டாக்டர் ஜிஷா நகம்வெட்டியைக் கையில் எடுத்தவர், ஏதோ நினைவு வந்தவராக நிறுத்தினார்.

“முதல்ல வந்தப்போ நாக்குல ருசி இல்லேன்னு சொன்னீங்கல்லா. இப்ப எப்படி இருக்கு?”

“செத்தே கெடக்கு டாக்டரே. சாளையும் ஒண்ணுதான், சவுக்காரமும் ஒண்ணுதான்.”

டாக்டர் நகம்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். “அந்த மாத்திரை சிலபேருக்கு ருசியக் கொல்லும். நிறுத்தினாத் திரும்ப வரும். இவ்வளவு நாளாச்சு, உங்களுக்குக் கொஞ்சங்கூடத் திரும்பல்லியா?”

“இல்ல.”

“ஈரலயும் அது கெடுக்கும். நகத்துலயும் ஒண்ணும் வளர விடாது.” அவர் ததேயுசிடம்தான் பேசினார்; ஆனால் கண் மெல்ல நகர்ந்து பக்கத்து நாற்காலிக்குப் போனது. “மூணையும் சேத்துப் பாத்தா ஒண்ணுதான் தெரியுது. ஐயா இன்னும் அந்த மாத்திரையத் தின்னுட்டுத்தான் இருக்காரு.”

“சவேரியாராண நான் தின்னல்ல!” என்று ததேயுஸ் கத்தினார்.

“தெரிஞ்சு தின்னல்ல. அத நான் நம்புறேன்” என்றார் டாக்டர்.

ததேயுசுக்குத் தன் சின்னச் சட்டி நினைவுக்கு வந்தது. எரிவு குறைத்து, தனியாக, அவருக்கென்றே வைத்த கறி. பக்கத்தில் உட்கார்ந்து கடைசி உருண்டைவரை பார்த்துக்கொண்டிருக்கும் கண். மாத்திரையின் கசப்பைக் கண்டுபிடிக்க வேண்டிய நாக்கை அந்த மாத்திரையே கொன்றுபோட்டிருந்தது. என்ன வசதி!

அவர் திரும்பினபோது ஞானசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

“அக்காளுக்கு வந்த மாதிரி வந்திரக் கூடாதுன்னுதான் டாக்டரே. கறுப்புன்னு நீங்க சொன்னதும் எனக்குக் கைகாலு ஓடல்ல. நிறுத்தினா மூளைக்கு ஏறிரும்னு தம்பி சொன்னான். பொடிச்சுக் கறியில போடுன்னு அவந்தான் தந்தான்.”

“நான் அது வேறன்னு சொன்னேன்லாம்மா?”

“அக்காளுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் டாக்டர்மாரு சொன்னாங்க.”

ததேயுசுக்கு அந்த நேரத்தில் அவள்மேல் கோபம் முழுசாக வரவில்லை. பயத்தில் ஒருத்தி விஷத்தைக்கூட மருந்து என்று ஊட்டுவாள், அதை மன்னிக்கலாம். ஆனால் இதே நாற்காலியில் உட்கார்ந்து, குடிப்பீங்களா என்று டாக்டர் கேட்டபோது, காரணம் தெரிந்தவள் பை வாரைத் திருகிக்கொண்டிருந்தாளே! அதை எந்தப் பயத்தில் சேர்ப்பது? வெளியே வரும்போது டாக்டர் எழுந்து நின்று, “ஐயா, போனதடவ நான் கேட்டதுக்கு மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க” என்றார். மனைவி, மச்சினன், டாக்டர் என்ற மூன்று பேரில் மன்னிப்புக் கேட்டது தப்புச் செய்யாத அந்த ஒருத்திதான்.

ஊருக்கு வந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேரே மருந்துக்கடைக்குப் போனார். கிளீட்டஸ் அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

“மச்சான், சத்தம் போடாதேயும். கடைக்கு ஆளு வாற நேரம். ஒமக்க நன்மைக்குத்தான் செஞ்சோம்.”

“கறியில கலந்தது நன்மைக்கு. ஊரக் கூட்டிக் குடிகாரன்னு சொன்னது யாருக்க நன்மைக்குலே?”

கிளீட்டஸ் மேசைமேல் இருந்த அட்டைப் பெட்டிகளை அடுக்கினான். அடுக்கினதையே கலைத்து மறுபடி அடுக்கினான். “ஈரலு கெட்டதுக்கு ஒரு காரணம் வேணும்லா. இல்லேன்னா டாக்டரு அக்காளப் புடிப்பாரு. அக்கா என்னயச் சொல்லுவா. டாக்டரு சொல்லாம நான் மருந்து குடுத்தேன்னு தெரிஞ்சா கடை என்ன ஆகும்? ஒமக்கு ஏற்கெனவே அந்தப் பேரு உண்டு. புதுசா என்ன போச்சு?”

ததேயுஸ் அவனை அடிக்கவில்லை. அடித்தால் குடித்துவிட்டு அடித்தான் என்பார்கள். “நீ தூக்கிச் சுமந்த காலு இதுதாம்லே” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். கூடப்பிறந்த தம்பி செய்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

அன்றைக்கே தனக்கென்று ஒரு சட்டி வாங்கினார். தானே கஞ்சி வைத்தார், தானே மீன் கழுவினார், தானே கறி வைத்தார். ஞானசெல்வி அடுக்களை வாசலில் நின்று, “நான் வைக்கேன், தாங்க” என்று கெஞ்சுவாள். அழுவாள். தின்னாமல் கிடந்து பார்த்தாள். ஒரு நாள் காலைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன செய்தால் உங்கள் மனசு ஆறும் என்று கேட்டாள். அவர் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“எந்த அன்பியத்துல நான் குடிக்கியேன்னு ஜெபிச்சீங்களோ, அதே அன்பியத்துல எழும்பி நின்னு உள்ளதச் சொல்லு. அவரு குடிக்கல்ல, நாங்க மாத்திரையக் கலந்து குடுத்தோம்னு சொல்லு. அதுமட்டும் போதும். அன்னைக்கு ராத்திரி உனக்க கையால தின்னுகேன்.”

“சொல்லுதேன்” என்றாள் ஞானசெல்வி. “மாதாவாண சொல்லுதேன். விரலுக்க முடிவு வரட்டும். ரெண்டையும் சேத்துச் சொல்லுதேன்.”

அவரும் நம்பினார். நாக்குத்தான் முதலில் திரும்பியது. ஒரு காலையில் பால் விடாத கட்டன்காப்பியின் இனிப்பு நுனிநாக்கில் மெல்லத் தட்டியது. பிறகு உப்பு வந்தது, புளி வந்தது. அவர் வைத்த கறி எவ்வளவு மோசம் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. மருந்தின் வாடை முழுக்க உடம்பை விட்டுப் போகட்டும் என்று காத்திருந்து டாக்டர் புதிதாக நகம் வெட்டினார். இடைவெளி விட்டு மறுபடி வெட்டினார், அதன் பிறகும் ஒரு தரம். இந்தத் தடவை வட்டக் கண்ணாடித் தட்டில் பஞ்சு மாதிரி வளர்ந்து, கொஞ்ச நாளில் கரியாகக் கறுத்தது. மூன்று தட்டிலும் அதே கறுப்பு.

“ஆளு மாட்டிக்கிட்டான்” என்று டாக்டர் ஜிஷா சிறுபிள்ளை மாதிரிச் சிரித்தார். “நான் படிக்கும்போது கண்டதுதான். கையால வளத்துப் பாக்கிறது இதான் முதல் தடவ. கெட்ட கட்டியெல்லாம் இல்ல ஐயா, விரலுக்கு ஒண்ணும் ஆகாது. நகத்த மருந்து வச்சு எளக்கி எடுத்துட்டு, இவனுக்குன்னு உள்ள பூச்சு பூசணும். பொறுமை வேணும். லேசுல போகமாட்டான்.”

ததேயுசுக்கு அந்தத் தட்டைக் கட்டிப் பிடிக்கத் தோன்றியது. தன்னை நம்பாமல் போன உலகத்தில், காத்திருந்த பிறகாவது உள்ளதைச் சொன்னது அந்தப் பூஞ்சை ஒன்றுதான். ஞானசெல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை அவரும் விடவில்லை.

அந்த வார அன்பியம் ததேயுஸ் வீட்டிலேயே வந்தது. ஞானசெல்வி நல்ல சேலை கட்டியிருந்தாள். அடுப்பில் ஆட்களுக்குச் சுண்டல், பக்கத்தில் மண்சட்டியில் புளி தூக்கலான சாளைக்கறி, புளிமுளம். வாசனை முற்றம்வரை வந்தது. இன்றைக்கு ராத்திரி ஒரு சட்டிச் சோறு தின்பேன் என்று ததேயுஸ் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கிளீட்டசும் வந்து வாசலோரம் உட்கார்ந்தான். வரமாட்டான் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

வாசகம் முடிந்தது. எபிசன், யாராவது நன்றி சொல்ல வேண்டுமா என்று கேட்டார். ஞானசெல்வி எழுந்தாள். ததேயுஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்க மாப்பிளைக்க விரலுக்கு ஆபத்து ஒண்ணும் இல்லேன்னு டாக்டரு சொல்லியாச்சு. ஆண்டவருக்கு நன்றி” என்றாள். எல்லாரும் நன்றி சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. இன்னும் இருக்கிறது என்று எபிசன் காத்திருந்தார். ஞானசெல்வி உதட்டை நனைத்துக்கொண்டாள். ஒரு தரம் புருஷனைப் பார்த்தாள். பிறகு வாசலோரம் பார்த்தாள். அங்கே கிளீட்டஸ் இரண்டு கையையும் கூப்பி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண் கலங்கி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பின்னே...” என்றாள். “நீங்க எல்லாரும் ஜெபிச்சதுனால... அவரு இப்பக் குடிய விட்டாச்சு. அதுக்கும் நன்றி.”

“ஆமென்” என்றது வீடு. தன் வீட்டில், தன் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த ஒருவர் அவர் முதுகில் தட்டினார். எபிசன் எழுந்து வந்து, முகமெல்லாம் சிரிப்பாக, அவர் கை இரண்டையும் பிடித்துக் குலுக்கினார். “கொள்ளாம் ததேயுஸ் அண்ணே! இனி விட்டுராதேயும், கெட்டியாப் புடிச்சுக்கிடும்.” ததேயுஸ் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன தடவை மாதிரி எழுந்து கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. யாரோ கையில் சுண்டல் தந்தார்கள். தின்றார். தேங்காயின் இனிப்பு தெரிந்தது, கடுகு தெரிந்தது, ஒவ்வொரு பருப்பிலும் உப்பு தெரிந்தது.

எல்லாரும் போன பிறகு ஞானசெல்வி சுவரோடு சாய்ந்து நின்றாள்.

“என்னால முடியல்ல. அவன் கும்பிட்டான், கண்டீங்களா? அவனுக்கு ரெண்டு பிள்ளேளு உண்டு. கடை போனா என்ன செய்வான்? எனக்க ரத்தம்லா அவன். அக்காளும் போயாச்சு, இனி எனக்கு அவன் ஒருத்தந்தான் இருக்கான்.”

“நான் உனக்க யாருட்டி?” என்று ததேயுஸ் கேட்டார்.

அவள் அடுக்களைக்குள் போனாள். சோற்றைப் போட்டு, புளிமுளத்தைக் கோரி ஊற்றி, தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். ஆவி பறந்தது. புளியும் வெந்தயமும் சாளையும் சேர்ந்த அந்த மணத்தை அவர் எத்தனையோ மாதம் கழித்து மூக்கும் நாக்குமாக அறிந்தார். வாயில் எச்சில் ஊறியது. ஊறினதை விழுங்கிக்கொண்டார்.

“தின்னுங்க. இதுல ஒண்ணும் கலக்கல்ல. மாதாவாண.”

“தெரியும்” என்றார் ததேயுஸ். “இப்ப எனக்கு நாக்கு நல்லா இருக்கு ஏட்டி. இனி நீ எதக் கலந்தாலும் எனக்குத் தெரியும்.”

தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அடுக்களை மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தன் சட்டியை எடுத்துக் கழுவி, அரிசி போட்டு, அடுப்பில் ஏற்றினார்.